இந்தப் படத்தில் குழந்தை இல்லை

படத்தில் குழந்தையே கிடையாது. கல்யாணசுந்தரி இரண்டரை மணி நேரமும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்திருந்தாள். ஒரு ரயில், ஆள் மாறாட்டம் செய்யும் நான்கு பேர், ஒரு கதாநாயகி, தூங்கிவழியும் டிக்கெட் பரிசோதகர், அவ்வளவுதான். பிளாட்பாரக் கூட்டத்தில்கூட ஒரு பிள்ளை குறுக்கே ஓடவில்லை. ஆனால் சீட்டின் கடைசியில் பச்சை மையில், வலப்பக்கம் சாய்ந்த சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது:

"சிறுமியின் நடிப்பு பிரமாதம். எண்ணெய் வைத்த தலையைத் தலையணை உறையில் துடைத்துக்கொள்ளும் இடம் வெகு இயல்பு."

சீட்டு என்பது சபாபதி கடையின் வழக்கம். சிதம்பரத்தில் சி.டி. வாடகைக்கு விடும் கடைகள் அந்த 2008-இல் தெருவுக்கு ஒன்று இருந்தன. சபாபதியின் கடைக்குத்தான் ஆட்கள் தேடி வந்தார்கள், இத்தனைக்கும் அவன் படமே பார்க்க மாட்டான். அரை மணி நேரம் டிவி பார்த்தால் கண்ணில் நீர் கொட்டி மண்டை பிளந்துவிடும் அவனுக்கு. அதனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கோடு போட்ட தாள் ஒன்றை மடித்து வைத்திருப்பான். படம் பார்த்தவர்கள் இரண்டு வரி எழுதித் தர வேண்டும். அதைப் படித்துவிட்டு யாருக்கு எந்தப் படம் சரிப்படும் என்று சொல்வான். "முதல் பாதி ஓகே, ரெண்டாம் பாதி கொட்டாவி." "ஹீரோவுக்கு வயசாயிடுச்சின்னு அவுங்க வீட்ல யாரும் சொல்றதில்லையா?" "பாட்டு வந்த நேரத்தில் ஒரு பக்கெட் துணி துவைத்து முடித்தேன், நன்றி." இப்படித்தான் இருக்கும் எல்லாச் சீட்டும்.

கல்யாணசுந்தரி எழுதுவது வேறு மாதிரி. கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் தபால் பிரிவில் வேலை பார்ப்பவள். சேத்தியாத்தோப்புப் பள்ளியில் கடிதம் எழுதும் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். மற்றவர் கருத்தை முன்னதாகப் படித்தால் தன் கருத்து கெட்டுவிடும் என்று, படம் முடிந்த பிறகுதான் சீட்டைப் பிரிப்பாள். நீல மையில் நிறை, குறை, மகள் பிரீதா எந்த இடத்தில் சிரித்தாள் என்பதெல்லாம் எழுதி, இடது ஓரம் இடமும் தேதியும் இட்டு, வலது ஓரம் கையொப்பமிட்டு, அதன் கீழே முழு முகவரியும் எழுதுவாள். சினிமா சீட்டுக்கு விலாசம் எதற்கு என்று சபாபதி ஒருமுறை கேட்டதற்கு, எழுதினது யாருன்னு தெரியாத காகிதத்த ஆபீஸ்ல நாங்க குப்பையிலதான் போடுவோம் என்று சொல்லியிருந்தாள்.

பச்சை எழுத்தின் கீழே பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். எட்டு வயதுப் பிரீதா பாயில் குப்புறப் படுத்துக் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை என்பதால் காலையில்தான் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தது. தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரமான எண்ணெய்க் கறை.

எல்லா வீட்டிலும் சனிக்கிழமை எண்ணெய்தான், எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் செய்யும். யாரோ வேறு படத்துச் சீட்டைத் தவறாக இதில் வைத்திருக்கிறார்கள். அப்படி நினைத்ததும் தவறைத் திருத்தாமல் இருக்க அவளால் முடியவில்லை. கீழே எழுதினாள்: "இந்தப் படத்தில் குழந்தை இல்லை. தாங்கள் வேறு படத்தைக் குறிப்பிடுகிறீர்கள் எனக் கருதுகிறேன்." இடம், தேதி, கையொப்பம், முகவரி.

அன்று சாயங்காலம் அவள் கணவர் சிவசுப்ரமணியன் கடலூரிலிருந்து போன் செய்தார். அங்கே ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அறை எடுத்துத் தங்கி, மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வீட்டுக்கு வருவார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். ஒன் எழுத்துக்கும் ஒரு ரசிகன் கெடச்சுட்டான், இனிமே எனக்கு எழுதற லெட்டர்லயாவது பக்கத்தக் கொற என்றார். அவளும் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்து விட்டிருந்ததில் மாடி அறை பகலிலேயே மங்கிக் கிடந்தது. சூடேறிய பழைய டிவியின் முதுகிலிருந்து கருகிய தூசியின் வாசனை மெல்லக் கிளம்பி வந்தது. கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா சௌந்தரம் ஓட்டும் கிரைண்டரின் உறுமல் தரை வழியாக ஏறி உள்ளங்காலில் நமநமத்தது. கோர்ட்டு, வக்கீல், அண்ணன் தம்பிச் சண்டை என்று படம் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போனது. பிரீதா பொரியில் இருந்த பொட்டுக்கடலைகளை மட்டும் பொறுக்கி, பாய்க்கு அடியில் ஒவ்வொன்றாக ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கும் வாசனை வந்தது. கல்யாணசுந்தரி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

வந்தபோது பிரீதா பாயின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள். பஸ்ஸில் ஏறுகிறவருக்கு இடம் விட்டு ஒதுங்குவதுபோல. பார்வை படத்தில் இல்லை. பாட்டுக்கும் காட்சிக்கும் நடுவே திரை ஒரு கணம் இருண்டபோதுதான் அவள் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தாள். வெளிச்சம் வந்ததும் சலிப்போடு பின்னால் சாய்ந்தாள்.

"என்னடி பாக்குற?"

"ஒண்ணுமில்லம்மா. இருட்டானாத்தான் தெரியுது."

"என்னா தெரியுது?"

பிரீதா தோளைக் குலுக்கிவிட்டுப் பொரிக்குள் கையை விட்டாள்.

படம் முடிந்தது. கல்யாணசுந்தரி டிவி மேலிருந்த பெட்டியை எடுத்துத் திறந்தாள். புதுப் படம், புதுத் தாள். வேறு யார் கருத்தும் இல்லை. பச்சை எழுத்து மட்டும் பாதிப் பக்கத்துக்கு நிறைந்திருந்தது.

"தங்கள் கடிதம் கிடைத்தது. தவறு என்னுடையது அன்று. இந்தப் படத்திலும் அதே குழந்தைதான். கடலையைப் பொறுக்கிப் பாய்க்கு அடியில் வைக்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மாவாக வருபவர் அடிக்கடி குறுக்கே வந்து மறைக்கிறார். அவர் சமையலறைக்குப் போனதும் குழந்தை எனக்கு இடம் விட்டது. இந்தக் குழந்தை நடித்த வேறு படம் இருந்தால் எடுத்து வைக்கவும்."

அவள் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டைவிரல் பட்ட இடத்தில் கடைசிச் சொல் இழுபட்டது. விரலில் பச்சை. மை காயவில்லை.

அவள் எழுந்து கதவைப் பார்த்தாள். உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கட்டிலுக்குக் கீழே பார்த்தாள், குளியலறை, அலமாரிக்குப் பின்னால், மொட்டை மாடிப் படிக்கட்டு. பிரீதாவின் பள்ளிப் பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினாள். பென்சில்கள், ஒரு நீலப் பேனா, உடைந்த ஸ்கேல். வீட்டில் பச்சை மை என்று ஒன்று இல்லை.

ஞாயிறு காலை பிரீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள். சபாபதி நோட்டைப் புரட்டிப் பார்த்தான். அந்தப் படம் வியாழக்கிழமைதான் வந்தது, முதல் ஆளாக எடுத்துப் போனதே அவள்தான்.

"நீங்கதான் எழுதினீங்கன்னு நெனச்சேங்கா," என்றான். "ரெண்டு சீட்டும் உங்க வூட்டுலேர்ந்துதானே வந்துச்சி. பச்சைல எழுதினது பாப்பாவோ சாரோன்னு விட்டுட்டேன்."

"எங்க ஊட்டுல நானும் இவளுந்தான் சபாபதி இருக்கோம்."

அவன் பிரீதாவைப் பார்த்தான், பிறகு தாளைப் பார்த்தான். கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேன் அதன் ஓரத்தைப் படபடக்க வைத்தது. யாரோ விளையாடறாங்கக்கா என்றான். சொல்லும்போதே அவன் குரலில் நம்பிக்கை இல்லை. பிறகு ஒரு யோசனை சொன்னான். இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத படம் ஒன்று இருக்கிறது. அதை அவள் எதிரிலேயே பிரித்து, வெற்றுத் தாளில் கடை முத்திரையைக் குத்தி, அவனே உள்ளே வைத்துத் தருவான். ஒரு வாரம் பார்ப்போம். எழுத்து வந்தால் வீட்டில் எழுதியது, வராவிட்டால் கடையில் எவனோ செய்த வேலை. தபால் பிரிவில் உறைகளை இப்படித்தான் சோதிப்பார்கள். அந்த ஒழுங்கு பிடித்துப்போனதால்தான் அவள் சம்மதித்தாள்.

வீட்டுக்கு வந்து தாளை இருபுறமும் பார்த்தாள். வெறுமை. ஊதா முத்திரை மட்டும். பெட்டியை டிவி மேல் வைத்தாள்.

ஐந்து நாள் அது அங்கேயே இருந்தது. படத்தைப் போடவில்லை. டிவியையே போடவில்லை. ஆனால் அணைந்திருந்த டிவிக்கு எதிரே பிரீதா தினமும் பாயை விரித்தாள். வீட்டுப்பாடத்தை அங்கேயே எழுதினாள். ஒவ்வொரு தடவையும் பாயின் ஓரத்தில். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு. வியாழக்கிழமை கல்யாணசுந்தரி டிவியின் முகத்தில் பழைய போர்வையைப் போர்த்தினாள். வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து வந்தபோது போர்வை மடித்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து, கட்டில்மேல் வைக்கப்பட்டிருந்தது. பிரீதாவுக்கு அப்படி மடிக்கத் தெரியாது.

சனிக்கிழமை அவள் காத்திருக்க விரும்பவில்லை. சிவசுப்ரமணியனுக்குப் போன் செய்தாள். அவர் இந்த முறை சிரிக்கவில்லை.

"மொதல்ல அந்தப் பொட்டியக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. நான் லீவு சொல்லிட்டு சாயங்கால பஸ்ல ஏறிடறேன்."

பெட்டியை எடுத்து மஞ்சள் பையில் போட்டாள். பிரீதாவைக் கூட்டிப்போகலாமா என்று வாசல்வரை யோசித்தாள். அந்தச் சீட்டும் குழந்தையும் ஒரே தெருவில் சேர்ந்து நடப்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. சீட்டுக்குள் இருப்பது எதுவோ, அது சீட்டோடு போகட்டும். பிள்ளை வீட்டில் இருக்கட்டும். கீழே சௌந்தரத்திடம் பத்து நிமிஷம் காதைக் கொடுத்து வையுங்கள் என்று சொன்னாள்.

"போய்ட்டு வாம்மா. மாடில ஒரு சத்தம் வந்தா எனக்குத் தெரியாதா? ரெண்டு வாரமாத்தான் எந்நேரமும் பேசிக்கிட்டே கெடக்கு உம்பொண்ணு. நீயும் சளைக்காம பதில் சொல்ற."

கல்யாணசுந்தரி படியிலேயே நின்றாள். அவள் பகல் முழுக்க அலுவலகத்தில் இருப்பவள்.

திரும்பி மேலே ஏறினாள். பிரீதா பாயில் உட்கார்ந்து காலுக்கு மருதாணி வைத்ததுபோல் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. இந்தப் பெட்டியை முதலில் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இப்போதே. ஓட்டமும் நடையுமாக இரண்டு தெருக்களைக் கடந்தாள்.

சபாபதி பெட்டியை வாங்கித் திறந்தான்.

"என்னாக்கா, காலிப் பொட்டியக் கொண்டாந்துட்டீங்க."

வாரத்துக்கு நான்கு பேர் செய்யும் தவறுதான். பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டு சி.டி.யை பிளேயரிலேயே விட்டுவிடுவார்கள். அதைச் சொல்லிச் சிரிக்க வாய் திறந்தவன் அப்படியே நின்றான். மடித்த தாளின் வெளிப்புறம்வரை பச்சை ஊறியிருந்தது.

அவள் பிடுங்கிப் பிரித்தாள். முத்திரையைச் சுற்றி, ஓரம் மிச்சமில்லாமல், எழுத்து.

"இதுவரை பார்த்ததில் இதுதான் சிறந்த படம். குழந்தை தானே போட்டது. இந்த முறை அம்மா இல்லை. யாரும் மறைக்கவில்லை. குழந்தை நேராக என்னைப் பார்த்துப் பேசியது. கிட்டே வரலாமா என்று கேட்டது. வரலாம் என்றேன்."

கீழே, அவள் எழுதும் முறைப்படியே, இடது ஓரம் இடமும் தேதியும். சிதம்பரம். அன்றைய தேதி. வலது ஓரம் அவள் வீட்டு முகவரி. அதற்குக் கீழே ஒரு வரி.

"இந்தப் படத்தை நான் திருப்பித் தரப்போவதில்லை."

அவள் ஓடினாள். பாதித் தெருவில் மின்சாரம் போனது. கடைகளில் ஃபேன்கள் நின்றன. ஒரு மிக்ஸி நடுவில் அடங்கியது. எங்கோ ஒரு ஜெனரேட்டர் இருமிக் கிளம்பியது. செருப்பு கழன்று விழுந்தது. விட்டுவிட்டாள். சௌந்தரம் வாசலில் நின்று முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இப்பிடி ஓடியார? இவ்ளோ நேரம் பேச்சு கேட்டுதே. இப்பத்தான் நின்னுது."

படிகள். கதவு. திறந்திருந்தது.

"பிரீதா."

அறை மங்கிக் கிடந்தது. கருகிய தூசியின் வாசனை. பொரிக் கிண்ணம். பிளேயரின் மேல் கை வைத்தாள். சூடு.

டிவி அணைந்திருந்தது. வளைந்த கறுப்புக் கண்ணாடியில் அறை முழுவதும் சின்னதாகத் தெரிந்தது. ஜன்னல் திரை. வாசல். வாசலருகே மூச்சு வாங்கும் அவள். நடுவில் பாய். பாயில் பிரீதா, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

உயிர் வந்தது அவளுக்கு. திரும்பினாள்.

பாயில் யாரும் இல்லை.

நான்கைந்து பொட்டுக்கடலைகள். குழந்தையின் நீலப் பேனா. ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். பக்கத்தில் பெரிய பள்ளம் ஒன்று, இன்னும் நிமிராத கோரை.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

பிரீதா அங்கேதான் இருந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டாள். எழுந்து வர முயல்வதுபோல் ஒரு கையை ஊன்றினாள். வாய் திறந்து மூடியது. சத்தம் இல்லை.

பாயில் அவள் விட்டுவைத்திருந்த இடத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து, அந்த எண்ணெய்த் தலையை மெதுவாக, ரசித்து, வருடிக்கொடுத்தது. ஐந்து விரல்களின் நுனியும் பச்சையாக இருந்தன.