அமைதியாக இருந்தால் வரும்

ஜபருல்லா போட்ட ஒரு தும்மலில், பட்டர்வொர்த்துக்குப் புறப்பட்ட ஃபெரி பாதிக்கடலில் திரும்பி ஜார்ஜ்டவுனுக்கே வந்து சேர்ந்ததாம். சொன்னது அவரேதான். துறைமுகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் இப்படியே கதை அளந்தவர். மழை பெய்கிறது என்று அவர் சொன்னால், கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் குடை எடுப்பார்கள்.

தன் கணினியின் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிய மறுநாள் பிற்பகல். மழை விட்டு, ஈரத்துணி நாற்றமும் பக்கத்து வீட்டில் வறுபடும் பெலாச்சான் இறால் விழுதின் நெடியும் அந்தச் சுங்கை பினாங் ஃபிளாட்டுக்குள் கலந்து வந்துகொண்டிருந்த வேளையில், திரையோரத்து மைக் பட்டையைக் கவனித்தார். பேசினால் அந்தப் பச்சைப் பட்டை ஏறும், நிறுத்தினால் விழும். இன்று நிறுத்திய பிறகும் ஏறியது. மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறி, தூங்குகிறவர் மார்பைப் போல.

காற்றாடியை நிறுத்தினார். ஐஸ்பெட்டியையும் நிறுத்தினார். பட்டை நிற்கவில்லை. அவர் பேசினால் மட்டும் அந்த மூச்சு அடங்கி, பட்டை அவர் குரலுக்கு ஆடியது.

லினக்ஸ்காரர்களுக்குப் பிழை அறிக்கை எழுதினார். ‘எப்படிச் செய்தால் வரும்?’ என்ற கட்டத்தில், ‘அமைதியாக இருந்தால் வரும்’ என்று நிரப்பினார்.

அறிக்கைகளைப் பார்க்கும் தன்னார்வலர்களில் ஒருவன் அவருடைய அக்கா மகன் ஹாஃபிஸ். பட்டர்வொர்த்திலிருந்து உடனே அழைத்தான்.

“மாமா, நீங்க என்னைக்கு வாய மூடுனீங்க, இது வர்றதுக்கு?”

“வெளையாட்டில்லடா. வருது.”

“எங்கிட்டயும் அதே வெர்ஷன்தான். இங்க வரலயே. இதுவும் ஒங்க கதைதான் லா. ரிப்போர்ட்ட குளோஸ் பண்றேன்.”

மூடினான். மறுபடி எழுதினார். மறுபடி மூடினான்.

ஆயுசு முழுக்கப் பொய்யைக் கைதட்டிக் கேட்ட சனம், ஒரே ஓர் உண்மைக்குக் காது கொடுக்கவில்லை. அது வராமலிருக்கப் பேசிப் பேசியே தொண்டை கம்மிவிட்டது. குரல் போய்விட்டால்?

மைக்கைக் கதவுப் பக்கம் நீட்டினார். பட்டை துளிதான் அசைந்தது. அடுப்படிப் பக்கம். அசைவே இல்லை. தோளுக்கு மேலே, தன் பிடரிக்குப் பின்னால் நீட்டினார்.

நுனிவரை ஏறியது.

திரும்பவில்லை. பிடரியில் வெதுவெதுப்பான ஈரம்.

“ஹாஃபிஸ்… வந்து கூட்டிட்டுப் போடா.” போனில் பாதிக் குரல்தான் வந்தது.

“ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க மாமா. கேட்டுட்டு வரேன்.”

பதிவு செய்ய வேண்டுமென்றால் வாயை மூட வேண்டும். மூடினார். கண்களையும். ஏதோ காதோரம் சாய்ந்தது. அனுப்பினார்.

சன்னல் இருண்டுகொண்டு வந்தது. போன் அடித்தது.

“மாமா.” ஹாஃபிஸின் குரல் சின்னதாக இருந்தது. “நீங்க அனுப்புன ஃபைல மூடிட்டேன். மைக்கயும் கழட்டிட்டேன். அப்பவும் பட்டை ஏறுது. ஏதாச்சும் பேசுங்க மாமா. எனக்கு நாக்கு எழல.”

ஜபருல்லா வாயைத் திறந்தார். வெறும் காற்று. அவர் திரையில் பச்சைப் பட்டை நுனிவரை ஏறி, இறங்காமல் நின்றது.

“நீங்க சொன்னது நெசந்தான் மாமா,” போனுக்குள் மூச்சாகக் கேட்டது. “இங்கயும் வந்துருச்சு.”