நடுவில் நீந்தும் மச்சினன்

அந்த வருடம் தூத்துக்குடிக் கடலில் இறங்கிய எல்லோரும் தனியாகத்தான் இறங்கினார்கள். ஒவ்வொருவருடனும் ஒரு மச்சினன் இறங்கியது.

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் துணைநீந்தி. பார்ப்பதற்குப் பெரிய சூரை மீன் போல இருக்கும். இரண்டு பக்கமும் அகலமான துடுப்பு, அதனடியில் மடங்கிக் கிடக்கும் ஒரு சின்னக் கை, வயிற்றுக்குள் காற்றுருளை, தலையில் ஒரு பதிவுக்கண். தன் ஆளின் பக்கத்திலேயே நீந்தும். அவர் விடும் குமிழிகளைக் கவனிக்கும். குமிழி குறைந்தால் நெருங்கி வரும். காற்று தீர்ந்துவிட்டால் தன் வயிற்றிலிருந்து மூச்சுவாயை நீட்டும்.

மூச்சொட்டிக் காய்ச்சல் வருவதற்கு முன்னால் இந்த வேலையை இன்னொரு மனிதர் செய்தார். கடலுக்கு அடியில் ஒருவருக்குக் காற்று தீர்ந்தால், தன் வாயிலிருப்பதைக் கழற்றி அவர் வாயில் கொடுப்பதுதான் துணை. அந்தக் கடற்கரையில் காய்ச்சல் முதலில் பரவியதும் அப்படிக் கொடுத்து வாங்கிய மூச்சுவாய்களால்தான். அதன் பிறகு ஒரு படகில் ஒருவர் மட்டும் என்று சட்டம் வந்தது. படகுகள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்டன. துணைக்கு ஆள் போய் இயந்திரம் வந்தது.

மச்சினன் என்ற பெயர் மூழ்குபவர்கள் வைத்தது. முத்துக் குளித்த காலத்தில், கீழே போனவரின் கயிற்றைப் பிடிக்க அவர் மனைவியின் தம்பியைத்தான் படகில் ஏற்றுவார்களாம். கயிறு நழுவினால் தாலி இழப்பது அவன் அக்கா. அந்தப் பயம் இருக்கிற கைதான் கயிற்றை விடாது என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் பேரப்பிள்ளைகள் இப்போது முத்து எடுக்கப் போவதில்லை. வெளுத்துச் செத்துப்போன பவளப்பாறைகளில் புது நாற்று நடப் போகிறார்கள். பழைய கணக்கை மட்டும் விடவில்லை.

டெல்பினாவும் இக்னேசியாவும் அப்படி நாற்று நடுகிறவர்கள். பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றாகவே மூழ்கியவர்கள். ஒருத்தி இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி அதில் நாற்றைக் கட்டுவாள். இப்போது இக்னேசியாவின் படகு ஒரு பக்கம் போனது, டெல்பினாவின் படகு கூப்பிடு தூரத்தில் போனது. டெல்பினா தன் படகில் உட்கார்ந்தபடி அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருப்பாள். இக்னேசியா தன் மச்சினனுக்கு வெள்ளைப் பெயிண்டில் புருவம் வரைந்திருந்தாள். ராசா என்று கூப்பிட்டாள். டெல்பினாவின் மச்சினனுக்குப் பெயர் இல்லை.

"ஏட்டி டெல்பி," என்று வாக்கிடாக்கியில் இக்னேசியாவின் குரல் வரும். "இன்னைக்கு ராசா என்ன செஞ்சான் தெரியுமா? நான் சும்மா கால நொண்டுனேன். ஓடி வந்து காலுக்கிட்டயே நிக்கான். உனக்குக்கூட அவ்வளவு வேகம் கெடையாது."

"மிஷினுக்கு வேற என்ன வேல," என்பாள் டெல்பினா.

"பொறாமயா?"

"ஆமா. உப்பு நக்குற மிஷின் மேல எனக்குப் பொறாம."

சொல்லிவிட்டு வாக்கிடாக்கியை அணைத்துவிடுவாள். அன்றைக்கு மதியம் சாப்பாடு அவளுக்கு மண்ணாக இருக்கும். வீட்டில் அம்மா என்னவென்று கேட்டால் மீன் சரியில்லை என்று சொல்வாள். இயந்திரம் மேல் கோபம் வருகிறது என்று யாரிடம் சொல்ல முடியும்? அதிலும் அந்த இயந்திரத்துக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

அது நடந்தது காய்ச்சல் தொடங்கிய புதிதில். இயந்திரத்தைச் செய்த தணிகைமலை என்ற பொறியாளர் கரைக்கு வந்திருந்தார். உடம்பு தயார், மூளைக்குத்தான் பாடம் வேண்டும் என்றார். ஒருவர் இன்னொருவரைக் கடலுக்குள் எப்படிக் கவனித்துக்கொள்கிறார் என்பதை அது பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். பவளம் கணக்கெடுப்பதற்காக எல்லோருடைய முகக்கண்ணாடியிலும் பதிவுக்கண் பொருத்தியிருந்தார்கள். வருடக்கணக்கான பதிவுகள் இருந்தன. யாருடையதை எடுப்பது என்று அவர் மூழ்குபவர்கள் சங்கத்தில் கேட்டார். சங்கத்துப் பெரியவர்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை. கயிறு நழுவினால் யாருக்கு இழப்பு அதிகம் என்று மட்டும் யோசித்தார்கள்.

"டெல்பினாவோடத எடுங்க சார்," என்றார்கள். "இக்னேசியா இல்லன்னா அவளுக்குச் சோறு எறங்காது."

தணிகைமலை பார்த்து அசந்துபோனார். மற்றவர்களின் பதிவில் மீன் இருந்தது, பவளம் இருந்தது, ஆமை இருந்தது, துணையாள் எப்போதாவது ஓரத்தில் வந்து போனார். டெல்பினாவின் பதிவில் திரை முழுக்க இக்னேசியா இருந்தாள். அவள் முதுகு, அவள் துடுப்புக்கால், அவள் குமிழிகள். கடற்கரை முழுவதும் ஓடும் எல்லா மச்சினன்களுக்கும் இந்தக் கண்தான் என்று அவர் முடிவு செய்தார். டெல்பினாவுக்குக் கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏன் அப்படிப் பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பதிவுகள் எல்லாம் ஜெனிட்டா வந்து சேர்ந்த பிறகு எடுக்கப்பட்டவை. ஜெனிட்டா மணப்பாட்டுக்காரி. நெட்டை, வாய் ஓயாது. வந்த அன்றே படகில் அவள் சொன்ன ஏதோ ஒரு கிண்டலுக்கு இக்னேசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். டெல்பினா எத்தனையோ சொல்லியிருக்கிறாள், ஒன்றுக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அன்றிலிருந்து ஜெனிட்டா இக்னேசியாவின் பக்கம் நீந்தி வந்தால் டெல்பினா நடுவில் போய் நின்றுகொள்வாள். சும்மா நின்றால் தெரிந்துவிடும் அல்லவா? அதனால் இக்னேசியாவின் தோள்பட்டை வாரை இறுக்குவது போல நிற்பாள். வார் இறுக்கமாகத்தான் இருக்கும். ஜெனிட்டா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவாள்.

தடுப்பூசி வந்தது. இரண்டு பேர் சேர்ந்து மூழ்கலாம் என்று அறிவிப்பும் வந்தது. டெல்பினா முந்தின நாளே தன் பழைய உடுப்பைக் கழுவிக் காயப்போட்டாள். காலையில் தன் மச்சினனைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, இக்னேசியாவின் படகில் ஏறி அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். அத்தனை பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. மூக்குத்தி மாற்றியிருந்தாள். அதுகூடத் தனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

படகின் ஓரத்தில் புருவம் வரைந்த மச்சினன் கட்டப்பட்டிருந்தது.

"இது எதுக்குட்டி? அதான் நான் இருக்கேன்லா."

"பழகிட்டுட்டி. அதுபாட்டுக்கு வரட்டும்," என்றாள் இக்னேசியா.

டெல்பினா முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது. அவர்கள் முன்பு நட்ட நாற்றுகள் விரல் நீளத்துக்குக் கிளைத்திருந்தன. டெல்பினா இக்னேசியாவின் இடது பக்கம் போனாள், எப்போதும் அவள் இடம் அதுதான். மச்சினன் நடுவில் வந்தது. தற்செயல் என்று நினைத்து வலது பக்கம் போனாள். அங்கேயும் வந்தது. மேலே ஏறி இறங்கிப் பார்த்தாள். அது அவசரமே இல்லாமல் திரும்பி, தன் சின்னக் கையை நீட்டி, இக்னேசியாவின் தோள்பட்டை வாரை இறுக்கியது.

வார் இறுக்கமாகத்தான் இருந்தது.

டெல்பினாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தண்ணீருக்குள் யாரோ தன் உடுப்பைக் கழற்றிவிட்டது போல இருந்தது. அந்த இயந்திரத்துக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வந்தாள். எவ்வளவு நேரம் அப்படிச் சுற்றினாளோ, காற்றுமானியைப் பார்க்கவே இல்லை. மூச்சை இழுத்தபோது பாதிதான் வந்தது. அடுத்த முறை அதுவும் வரவில்லை.

கழுத்தின் குறுக்கே கையை அறுப்பது போல ஆட்டினாள். காற்று இல்லை என்று அதற்கு அர்த்தம். இக்னேசியா உடனே பார்த்தாள், மாற்று மூச்சுவாயை எடுத்து நீட்டினாள். நீட்டிய கைக்கும் டெல்பினாவுக்கும் நடுவில் மச்சினன் வந்து நின்றது. இக்னேசியா அதைப் பிடித்துத் தள்ளினாள். அது விலகி, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. அதன் வயிற்றில் நிறையக் காற்று இருந்தது. ஆனால் டெல்பினா அதன் ஆள் இல்லை. இக்னேசியா அதன் புருவத்தில் குத்தினாள். அதற்குள் டெல்பினாவால் பொறுக்க முடியவில்லை. மேலே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்து, இருக்கிற கொஞ்ச மூச்சையும் ஊதிக்கொண்டே ஏறினாள்.

படகில் கிடந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. இக்னேசியா தன் துண்டால் துடைத்துக்கொண்டே அழுதாள். டெல்பினாவுக்கு அது பிடித்திருந்தது. அந்த அளவுக்கு அவள் மோசம்.

தணிகைமலை விழுந்தடித்துக்கொண்டு வந்தார். வேறு ஊர்களிலிருந்தும் இதே போலப் புகார் வந்திருந்தது. இரண்டு பேர் சேர்ந்து இறங்கினால் மச்சினன் நெருங்க விடவில்லை. அவர் ராசாவின் பதிவை ஒரு திரையிலும், அது பாடம் படித்த பழைய பதிவை இன்னொரு திரையிலும் ஓடவிட்டார். பழையதில் ஜெனிட்டா நீந்தி வந்தாள், கண் நடுவில் போனது, ஒரு கை வாரை இறுக்கியது. ராசாவின் பதிவில் டெல்பினா நீந்தி வந்தாள், கண் நடுவில் போனது.

"இது கெட்டுப்போகலம்மா," என்றார் அவர் மெதுவாக. "நல்லாத்தான் படிச்சிருக்கு."

டெல்பினா தரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த இக்னேசியா என்ன சொல்வாளோ என்று காது மட்டும் அந்தப் பக்கம் இருந்தது.

"எனக்கு அப்பவே தெரியும் சார்," என்றாள் இக்னேசியா. "எனக்கு அது பிடிச்சுத்தான் இருந்துச்சு."

தணிகைமலை பழைய பாடத்தை எடுத்து ஒதுக்கிவைத்துவிட்டு ஜெனிட்டாவின் பதிவுகளைக் கொண்டு புதுப் பாடம் நடத்தினார். ஜெனிட்டா எல்லாவற்றையும் பார்ப்பவள். துணையாளைப் பார்ப்பாள், ஆமையையும் பார்ப்பாள், யாராவது வந்தால் நகர்ந்து இடம் கொடுப்பாள். புதுப் பாடம் ஏறிய மச்சினன்களும் அப்படியே நடந்தன. காற்று கேட்ட யாருக்கும் கொடுத்தன. ஒரு விபத்துகூட நடக்கவில்லை. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாளிலேயே சங்கத்தில் முணுமுணுப்பு தொடங்கியது. புதுசு நம்மைக் கண்டுகொள்வதே இல்லை என்றார்கள். கூப்பிட்டால்தான் வருகிறது, எவன் போனாலும் அவனையும் பார்க்கிறது என்றார்கள். பயமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அவர் இருபது வருடம் தனியாகச் சங்கு எடுத்த ஆள். பதிவுகளைக் காட்டி, இதுதான் பாதுகாப்பானது என்று தணிகைமலை எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். கடைசியில் அலுத்துப்போய், பழைய பாடம், புதுப் பாடம், மனிதத் துணை மூன்றில் எது வேண்டுமோ அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் படகுத்துறையில் இக்னேசியா புருவம் வரைந்த மச்சினனைத் தன் படகில் கட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பழைய பாடத்தையே திரும்ப ஏற்றியிருந்தாள்.

டெல்பினா பக்கத்தில் போய் நின்றாள். "அது நான்தானட்டி," என்றாள். "நானே வாரேன்லா. பின்ன எதுக்கு அது?"

இக்னேசியா முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். கோபமாக இல்லை.

"கீழ ரெண்டும் ஒண்ணுதான். கரைக்கு வந்தாத்தான் வேற. அது கரையேறுனா பேசாம கெடக்கும். நீ கரையேறுனா மூணு நாளு பேசமாட்ட. நான் யாரப் பாத்துச் சிரிச்சேன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் நான் சோறு திங்கணும். எனக்கு முடியல டெல்பி."

படகு போய்விட்டது. உலகத்தில் டெல்பினாவுக்குப் பிடிக்காதவர்கள் நிறைய உண்டு. அவளைவிட இக்னேசியாவுக்கு நெருக்கமாக இருந்த எல்லோரும் அதில் அடக்கம். இப்போது அந்த இடத்தில் அவளே இருந்தாள். தன்மேலேயே வந்த அந்தப் பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கொட்டகைக்குள் போனாள். மூலையில் அவளுடைய மச்சினன் தூசியோடு கிடந்தது. அதிலும் பழைய பாடத்தை ஏற்றச் சொன்னாள்.

கீழே போனதும் வேலையைத்தான் பார்த்தாள். ஒரு நாற்றைக் கட்டினாள், இன்னொன்றைக் கட்டினாள். பிடிப்பதற்கு ஆள் இல்லாததால் சட்டம் ஆடியது. எரிச்சலோடு திரும்பியபோது மச்சினன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் நகர்ந்தாள், அதுவும் பார்த்தது. ஒரு பாறைக்குப் பின்னால் போனாள். அது சுற்றிக்கொண்டு வந்து, அவள் முகக்கண்ணாடிக்கு நேராக நின்றது. வண்ணமீன் கூட்டம் ஒன்று பக்கத்தில் மினுமினுத்துப் போனது. அது திரும்பிப் பார்க்கவில்லை.

தன்னை யாரும் இப்படிப் பார்த்ததில்லை என்று டெல்பினா நினைத்தாள். பார்ப்பது எப்போதும் அவள் வேலையாகவே இருந்திருக்கிறது.

மூச்சை ஒரு நொடி அடக்கிப் பார்த்தாள். கடலுக்கடியில் அப்படிச் செய்யவே கூடாது. குமிழி நின்றதும் அது பாய்ந்து வந்து அவள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டது. மெல்ல மூச்சு விட்டாள். அது கொஞ்சம் விலகியது. மறுபடியும் அடக்கினாள்.

எத்தனை முறை அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. மேலே வந்து படகில் ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது, வாக்கிடாக்கி கரகரத்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி டெல்பி, கேக்குதா? மனசு கேக்கலன்னு ராசாவ மேல கட்டிப் போட்டுட்டு, உன் பக்கம் வந்தேன். ரெண்டு தடவ கைய ஆட்டுனேன். உன் மிஷின் கிட்டயே விடல." இக்னேசியா நிறுத்தினாள். பிறகு வந்த குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "நீயும் திரும்பிப் பாக்கவே இல்ல. அப்படி என்னத்தட்டி அதுகிட்ட பாத்துட்டு நின்ன?"

அந்தக் குரலை டெல்பினாவுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ நாள் அவள் தொண்டைக்குள்ளேயே இருந்த குரல் அது.

பதில் சொல்லலாம் என்று வாக்கிடாக்கியை எடுத்தாள். மச்சினனின் முதுகில் ஒரு பாசி ஒட்டியிருந்தது. முதலில் அதைத் துடைக்கலாம் என்று தோன்றியது.