எட்டாவது லோடில் ஒரு கால்

"இட்வால்...!"

நெரிஸின் அலறல் தெருவின் கடைசி வீடு வரை போய்த் திரும்பியது.

உள்ளே டீ ஊற்றிக்கொண்டிருந்த இட்வால் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

வீட்டு முன்தோட்டம். கையில் மண்வெட்டியோடு அவன் மனைவி. அவள் காலடியில் உடைந்த சிலேட்டுக் கற்களின் குவியல்.

குவியலிலிருந்து ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

பூட்ஸ் போட்ட கால்.

"யாரோ தூக்கிப் போட்ட பழைய பூட்ஸா இருக்கும்" என்றான் இட்வால்.

"பூட்ஸுக்கு மேல முழங்கால் வரைக்கும் இருக்கு. நல்லாப் பாரு."

பார்த்தான். நீல நிறக் கால்சட்டை. குனிந்து பூட்ஸைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கற்களுக்கு அடியில் மீதி ஆளும் இருந்தான்... கனமாக.

மொத்தம் எட்டு லோடு கல். எந்த லோடில் ஏறினான் இவன்?

"போலீஸைக் கூப்பிடு" என்றாள் நெரிஸ்.

"வேணாம்."

"ஏன்?"

"கல் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

"குவாரியிலேருந்துன்னு சொல்லு. கம்பெனி சும்மா குடுத்துச்சுன்னு சொன்னியே?"

"சும்மாதான் கிடைச்சுது."

"குடுத்தாங்களா... கிடைச்சுதா?"

இட்வால் பூட்ஸைப் பார்த்தான்.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"யாரைக் கேக்கறது? அங்க வாட்ச்மேன் நான்தானே."

நெரிஸ் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். அடிக்காமல் இருப்பதற்காக வைத்தாள்.

எல்லாம் இந்தத் தோட்டத்தால் வந்த வினை. வாசற்படியிலிருந்து சாலை வரை ஒரே சரிவு. ஒரு நாற்காலி போட்டால் அது சாலைக்குப் போய்விடும். போன வருஷம் சாலையோரம் சுவர் எழுப்பி, பின்னால் களிமண்ணைக் கொட்டி மேடாக்கினான் இட்வால். யாரோ அஸ்திவாரம் தோண்டிய மண். இலவசம்.

ஜனவரி மழை வந்தது. களிமண் குடித்த தண்ணீரை விடவில்லை. சுவர் வயிறு தள்ளியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரின் கார் மேல் உட்கார்ந்துகொண்டது.

சுவரைத் திரும்பக் கட்டினான். இந்த முறை நெரிஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். மேலே ஊற்றின தண்ணி கீழே போயே ஆகணும்.

சுவருக்குப் பின்னால் நிரப்ப ஆற்றுச் சரளை நல்லதுதான். விலை கேட்டதும் இட்வாலுக்கு மூச்சு வாங்கியது. இடித்த பள்ளிக்கூடத்தின் கட்டிட இடிபாடு மலிவு. ஆனால் பாதி சுவர்ப்பூச்சு, நனைந்தால் கஞ்சி. மிச்சமிருந்தது சிலேட்டுக் கழிவு. எவ்வளவு மழை பெய்தாலும் இடுக்குகளில் இறங்கிப் போய்விடும். வட வேல்ஸின் அந்த ஊரைச் சுற்றி மலை மலையாகக் கிடக்கிறது.

ஆனால் குவாரி மூடிக் கிடக்கிறது. ஒரு கல்லை எடுக்கவும் தடை. எடுக்க வருபவனைத் தடுக்கத்தான் இட்வாலுக்குச் சம்பளம்.

மூன்று வருஷம் வேலையில்லாமல் அலைந்து பிடித்த வேலை. அந்த ஊரில் அவனுக்கு இன்னொன்று கிடைக்காது.

சாலையில் போலீஸ் கார் வந்து நின்றது.

"நீ கூப்பிட்டியா?"

"நான் இங்கதானே நிக்கறேன்? மென்னா கூப்பிட்டிருப்பா."

எதிர்வீட்டு மாடியில் திரைச்சீலை ஆடி அடங்கியது.

சார்ஜன்ட் மெயிரியன் இறங்கினார். ஊரின் மலை மீட்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். நேராகக் காலிடம் வந்தார். மண்டியிட்டார். கால்சட்டையை மேலே தள்ளினார்.

முகம் வெளுத்தது.

பிறகு மெல்லச் சிரித்தார்.

"இது ஆள் இல்ல. பொம்மை."

"என்னது...?"

"எங்க குழுவோட பயிற்சிப் பொம்மை. எண்பது கிலோ. கல்லுக்குள்ள புதைச்சு வச்சு நாயை விட்டுத் தேடுவோம்."

இட்வாலுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

பாதிதான் வந்தது.

ஏனென்றால் சார்ஜன்ட் நோட்டுப் புத்தகத்தை எடுத்திருந்தார்.

"பொம்மையைப் புதைச்சது குவாரியில. பூட்டின கேட்டுக்கு உள்ள. அது எப்படி உன் தோட்டத்துக்கு வந்துச்சு, இட்வால்?"

"அதான் பூட்ஸ் போட்டிருக்கே, சார்ஜன்ட்."

"நக்கலா? வேலியே பயிரை மேஞ்சிருக்கு. எத்தனை லோடு?"

"எட்டு... ராத்திரி இருட்டுல மெஷின் வச்சு அள்ளினது."

"எழுதிக்கிட்டேன். திங்கக்கிழமை கம்பெனிக்குத் தகவல் போகும். சாவிக்கொத்தைத் துடைச்சு வை. திருப்பிக் குடுக்கும்போது பளபளன்னு இருக்கணும்."

இட்வால் சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்தான்.

"சார்ஜன்ட், எனக்கு ஒரு சந்தேகம்." நெரிஸின் குரல் தேனாக இருந்தது. "பொம்மையை எப்போ புதைச்சீங்க?"

"போன மாசப் பயிற்சியில."

"அதைத்தான் அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டீங்களே. வாரப் பத்திரிகையில போட்டோ பாத்தேன். நாப்பதே நிமிஷத்துல நாய் மோப்பம் பிடிச்சுதுன்னு போட்டிருந்தான். ஸ்ட்ரெச்சர்ல போர்வை போர்த்தி, பக்கத்துல நீங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு..."

பேனா நின்றது.

"அதுக்காகத்தானே உங்க குழுவுக்குப் புது ஜீப் குடுத்தாங்க?"

மழை தூறத் தொடங்கியது.

"பொம்மை இங்க இருக்கு. அப்போ போர்வைக்கு அடியில யாரு... மெயிரியன்?"

சார்ஜன்ட் போய் மெயிரியன் வந்ததை மூன்று பேருமே கவனித்தார்கள்.

"...என் மச்சான்."

"நாய் மோப்பம் பிடிச்சுதாமே?"

"அவன் பாக்கெட்ல இருந்த சாசேஜை மோப்பம் பிடிச்சுது." மெயிரியனின் குரல் இறங்கியது. "புதைச்சவன் இடத்தை மறந்துட்டான், நெரிஸ். மூணு நாள் தோண்டினோம். ஜீப் குடுக்கற கமிட்டிக்காரங்க வந்து நிக்கறாங்க. நான் என்ன பண்றது?"

"பண்ணதெல்லாம் போதும். கேஸ் எழுதினா பொம்மையையும் எழுதணும். பொம்மையை எழுதினா ஜீப் போயிடும்."

நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழிந்தது.

"நான் கல்லைப் பாக்கல" என்றார் மெயிரியன்.

"நாங்க பொம்மையைப் பாக்கல" என்றாள் நெரிஸ்.

இட்வாலுக்கு மீதி மூச்சும் வந்தது.

"ஆனா இதை எங்க கொண்டு போறது? ஸ்டேஷன்ல வச்சா கேள்வி வரும். இங்கேயே கல்லைப் போட்டு மூடிடலாம்" என்றார் மெயிரியன்.

"முடியாது."

"ஏன் நெரிஸ்?"

"எண்பது கிலோ பிளாஸ்டிக் மூட்டை. மழை பெஞ்சா உள்ளேயும் தண்ணி கட்டும், மேலேயும் தண்ணி கட்டும். அப்புறம் என் சுவரு யார் கார் மேல உக்காரும்? உங்க புது ஜீப் மேலயா?"

"அப்போ என்னதான் பண்ணச் சொல்றே?"

நெரிஸ் சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்து நீட்டினாள்.

"ஓட்டை போடுங்க. நெஞ்சுல நாலு, வயித்துல நாலு. முதுகு வரைக்கும் இறங்கணும். தண்ணி நிக்காது."

இட்வாலும் மெயிரியனும் பொம்மையை இழுத்துக் கல் மேல் மல்லாத்திப் போட்டார்கள். ஆறடி உயரம். தலையில் ஹெல்மெட். நழுவாமல் இருக்க இட்வால் காலைப் பிடித்துக்கொண்டான்.

மெயிரியன் கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

சதக்!

"இன்னும் ஆழமா" என்றாள் நெரிஸ்.

சதக்! சதக்!

"அவசரம் வேணாம். இடம் பாத்துக் குத்துங்க."

நான்கு. ஐந்து. மழையில் அவர் முகம் வழிந்தது. மூச்சு இரைத்தது.

பாக்கெட்டில் ஃபோன் அடித்தது. மாவட்டத் தலைமையகம். இன்ஸ்பெக்டர்.

"மெயிரியன், எங்கே இருக்கே? அதே தெருவுல கொலை நடக்குதுய்யா! எதிர்வீட்டு அம்மா மறுபடியும் ஃபோன்ல. புருஷன் காலைப் பிடிச்சுக்கறானாம். பொண்டாட்டி எங்க குத்தணும்னு சொல்லிக் குடுக்கறாளாம். குத்தறவன் போலீஸ் உடுப்புல இருக்கானாம்!"

"சார்..."

"நாலு வண்டி அனுப்பியிருக்கேன். பத்து நிமிஷம். அதுக்குள்ள அவன் ஓடிடப் போறான். நீ ஓடிப் போய்ப் பிடி!"

மெயிரியன் நிமிர்ந்தார். எதிர்வீட்டுத் திரைச்சீலை முழுதாகத் திறந்திருந்தது. இந்தப் பக்கம் நெரிஸ் பொம்மையின் வயிற்றில் அடுத்த இடத்தை விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் ஓடமாட்டான் சார்..." என்றார் மெயிரியன். "இன்னும் மூணு குத்து பாக்கி இருக்கு."