நான்கு மூலை மஞ்சள்

புதன்கிழமை, காலை 9.02.

பித்தளைத் தட்டு இருந்தது. அதில் மஞ்சள் பிள்ளையார் இருந்தார். இரண்டு வாழைப்பழம் இருந்தது, ஊதுபத்திச் சாம்பல்கூட இருந்தது. பத்திரம் மட்டும் இல்லை.

அப்ரின் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். சமையல் மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அவளே பூட்டிய வீடு இது. சாவி அவள் கைப்பையிலிருந்து வெளியே போகவே இல்லை. இப்போது திறந்ததும் அவள்தான்.

"இன்னாம்மா, எடுத்துக்கினு வா, கிளம்பலாம்" என்று கூடத்திலிருந்து தங்கதுரை குரல் கொடுத்தார்.

கள்ளக்குறிச்சியில் காலி மனை விற்க ஆயிரம் பேர் உண்டு. அடுக்குமாடி வீடு விற்பது வேறு வித்தை. காலுக்குக் கீழே சொந்தமாக மண் இல்லாத நாலு சுவரை, மண்ணை நம்பியே வாழும் ஊரில் விற்க வேண்டும். அப்ரின் அதைச் செய்தாள். ஓதமேறிய பழைய ஃப்ளாட்டாகப் பார்த்துப் பிடிப்பாள். கசிவை அடைத்து, சுவரை வழவழப்பாக்க வெள்ளைப் பட்டி பூசி, அலமாரி போட்டு, ஆள் தேடி விற்றுக் கொடுப்பாள். ஆறு வருடம் இன்னொருவரிடம் வேலை பார்த்துவிட்டு, தன் பெயரில் தனியாகச் செய்யும் முதல் விற்பனை இது.

வீடு மூன்றாவது மாடி. விற்பவர் தியாகதுருகம் பக்கத்து விவசாயி தங்கதுரை. வாங்குபவள் ராதிகா, குவைத்தில் நர்ஸ். மாடிப்படி ஏற முடியாத அம்மாவுக்கு லிஃப்ட் உள்ள வீடு வேண்டுமென்று தேடினாள். இன்று இரவு அவளுக்கு விமானம். போனால் இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்புவாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் நேரம் 11 மணி. அசல் பத்திரம் இல்லையென்றால் போலீசில் புகார், பேப்பரில் விளம்பரம், சான்றிதழ் என்று மாதக்கணக்கில் இழுக்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

"பத்திரம் இல்லைங்க ஐயா" என்றாள் அப்ரின்.

தங்கதுரை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது.

"சாவி யார்கிட்ட இருந்துது?"

"எங்கிட்டதாங்க."

"அப்போ பத்திரமும் உங்கிட்டதான் இருக்கணும்."

சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் இந்த வார்த்தை துருகம் ரோடு முழுக்கப் போய்விடும். பத்திரம் தொலைத்த புரோக்கரிடம் யார் இன்னொரு பத்திரத்தைக் கொடுப்பார்கள்? அப்ரின் நின்று யோசித்தாள். அழுதால் நேரம்தான் வீணாகும்.

காலை 6.30-க்குக் கொத்தனார் வீரமணி வந்து படுக்கையறைச் சுவருக்குக் கடைசிக் கை பட்டி பூசினார். ஏழு மணிக்கு மற்றவர்கள் வந்தார்கள். தங்கதுரையின் மனைவி கமலா மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தார். பத்திரத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்து வைத்தார். எந்தப் பத்திரமானாலும், வாங்கும்போதும் கொடுக்கும்போதும், அந்தக் குடும்பத்தில் அப்படித்தான். 7.20-க்குச் சூடம் காட்டி முடிந்தது. 7.30-க்கு எமகண்டம் தொடங்கிவிடும். "ஒம்பது மணி வரைக்கும் பத்திரம் வாசப்படி தாண்டக் கூடாது" என்று தங்கதுரை சொல்லிவிட்டார். அதனால் பத்திரம் தட்டிலேயே இருக்க, வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் எதிரில் இருந்த ஹோட்டலுக்குப் போனார்கள். வீரமணியும்தான். பூட்டும்போது சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாளா? இல்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

காலை 9.12.

"பூட்டை யாரும் தொடலைங்க" என்றாள் அப்ரின். "அப்போ பூட்டறதுக்கு முன்னாலயே எடுத்திருக்காங்க. சூடம் காட்டினதுக்கும் பூட்டினதுக்கும் நடுவுல பத்து நிமிஷம். ஹோட்டல்ல எல்லாரும் ஒண்ணாதான் உக்காந்திருந்தோம், யார் கையிலயும் அத்தனை பெரிய கட்டு இல்ல. பத்திரம் இந்த வூட்டுக்குள்ளதான் இருக்குது."

"நல்லா கதை கட்டற" என்றார் தங்கதுரை.

"அந்தப் பத்து நிமிஷம் நீங்க எங்க இருந்தீங்க ஐயா?"

"பால்கனில. கரும்பு வெட்டற மேஸ்திரிகிட்ட போன்ல கத்திக்கினு இருந்தேன்."

அது அடுக்ககம் முழுக்கக் கேட்டது. நிறுத்தாமல் கேட்டது.

"அக்கா நீங்க?"

"நானும் ராதிகாவும் லிஃப்ட் பாக்கக் கீழ போனோம். கூடவேதான் இருந்தோம்" என்றார் கமலா. ராதிகா தலையாட்டினாள். அவள் கண் கடிகாரத்தை விட்டு அகலவில்லை.

"வீரமணி அண்ணே?"

"பின்னாடி குழாயாண்ட கரண்டி கழுவிக்கினு இருந்தேன் பாப்பா. நடுவுல ரெண்டு வாட்டி ரூமுக்குப் போய் சாமான் எடுத்தேன்." வாயில் வெற்றிலை இருந்தது. அந்த மனிதர் தூங்கும்போதுகூட அதைத் துப்புவதில்லை என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

கடைசியாகச் செழியன். கமலாவின் தம்பி. கார் ஓட்டிக்கொண்டு வந்தவர். சின்னசேலம் பக்கம் அவரும் மனை, வீடு என்று தரகு பார்க்கிறவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, வெறும் நெற்றி. போன வாரம்தான் அவர் பெரியப்பா காலமானார். கட்டிக்கொடுத்த பெண் என்பதால் கமலாவுக்குத் தீட்டு மூன்று நாளோடு முடிந்துவிட்டது.

"எனக்குத் தீட்டும்மா. பூஜையாண்டயே வரல. வாசல்லயே நின்னேன், எல்லாரும் பாத்தீங்க."

"அப்புறம்?"

"பாத்ரூம் போனேன். அதுவும் குத்தமா?"

குற்றமில்லை. பாத்ரூமில் குழாய் ஓடியது, இன்னொரு அறையில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்த அப்ரினுக்கும் கேட்டது. சோப்பு மணக்கும் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி அவர் வெளியே வந்ததும் நினைவிருந்தது. ஹோட்டலில் எல்லோரும் இட்லியும் கார சட்னியுமாக வெளுத்துக்கட்ட, தலைவலி என்று அவர் ஒரு டீயோடு நிறுத்திக்கொண்டார். பாவம், துக்கம் என்று அப்போது நினைத்தாள்.

காலை 9.25.

வீட்டைச் சல்லடை போட்டார்கள். பரண், சிங்க்குக்கு அடியில், அலமாரித் தட்டுகள், கழிப்பறைத் தொட்டி. ஒன்றுமில்லை. படுக்கையறைக்குள் போன தங்கதுரை சத்தம் போட்டார்.

"இது இன்னா?"

வெள்ளை வெளேரென்று ஈரமாக இருந்த புதுச் சுவரில் சிவப்பாக இரண்டு கறை. புதிதாகச் செய்த மர அலமாரியின் ஓரத்தை ஒட்டி இருந்தன. ஆசாரி நாளைக்குத்தான் அலமாரியைச் சுவரோடு முடுக்குவார். அதுவரை பட்டி காய்வதற்காக இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"வெத்தல எச்சி மச்சான்" என்றார் செழியன் உடனே. "யார் வாயில வெத்தல இருக்குதுன்னு பாருங்க. இந்த ரூமுக்கு வந்ததும் அவன்தான். இங்க நின்னுக்கினு இன்னா, வாங்க வெளிய. அவன் பையைக் கொட்டுங்க மொதல்ல."

வீரமணியின் பையைக் கொட்டினார்கள். கரண்டி, ரசமட்டம், சோப்புக்கட்டி, சுருட்டிய லுங்கி. தங்கதுரை வீரமணியின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"எங்கடா வச்சிக்கீற?"

"ஐயா, நான் பூசின சுவத்துல நானே துப்புவனா?" வீரமணி அப்ரின் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீயாவது சொல்லு பாப்பா."

"போலீசுக்குச் சொல்லிடலாம் மச்சான்" என்று செழியன் கையை நீட்டிச் சொன்னார். நீட்டிய கையின் சட்டை விளிம்பில் மிளகளவு சிவப்புப் பொட்டு ஒன்று தெரிந்தது. அப்ரின் அதைப் பார்த்தாள், அந்த நேரத்தில் அதற்கு மேல் யோசிக்கவில்லை. அவள் மனம் முழுக்க வீரமணி சொன்னதில் இருந்தது. உண்மைதானே, பூசினவன் துப்புவானா?

அவள் மட்டும் மீண்டும் படுக்கையறைக்குப் போனாள். துப்பினால் சிதறும், வழியும். இவை சிதறவில்லை. பென்சிலால் கோடு போட்டதுபோல நேராக, ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி, அலமாரிக்குப் பின்னால் இறங்கின. ஒரு சாண் என்பது கிட்டத்தட்ட ஒரு தாளின் அகலம்.

சமையலறைக்கு ஓடினாள். மஞ்சள் பிள்ளையாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டு, ஒரு துணுக்கைக் கிள்ளி வந்தாள். எல்லோரையும் கூப்பிட்டாள். ஈரப் பட்டியின் மேல் அதைத் தேய்த்தாள்.

மஞ்சள் மெல்லச் சிவந்தது.

கமலாதான் முதலில் பேசினார். "அடியம்மா, ஆரத்திக்கு ஆலம் கரைக்கற மாதிரி! மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்குமே."

"பட்டிலயும் அந்தச் சுண்ணாம்புக் காரம் இருக்குதுக்கா. இது வெத்தல இல்ல. நீங்க வச்ச மூலை மஞ்சள். அலமாரியை இழுங்க."

இழுத்தார்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டு தலைகீழாகப் பத்திரம் நின்றது.

காலை 9.50.

ராதிகா அழுதே விட்டாள். இத்தோடு போதும், வாயை மூடிக்கொண்டு ஓடிப்போய்ப் பதிவை முடித்துவிடலாம் என்றுதான் அப்ரினுக்குத் தோன்றியது. ஆனால் தங்கதுரை அசையவில்லை.

"யாரு ஒளிச்சான்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். சாவிக்காரியும் கொத்தனாரும் சேந்து ஆடின ஆட்டமா இல்லையான்னு எனக்கு எப்டி தெரியும்?"

"கிடைச்சிடுச்சில்ல மச்சான்" என்றார் செழியன். "சகுனம் சரியில்ல. இன்னைக்கு வேணாம்னு வுட்டுடுங்க. பொறுமையா வேற பார்ட்டி பாத்துக்கலாம்."

வெளியே மாடிப்படியில் வீரமணி, மற்றவர்கள் கொட்டிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அப்ரின் அதைப் பார்த்தாள், பிறகு பத்திரத்தைப் பார்த்தாள். பயம் போய்க் கோபம் வந்தது.

"ஐயா, இதைக் கையில வாங்கிப் பாருங்க. வீரமணி அண்ணன் காலைல இருந்து பட்டி பூசின கையோட இருந்தாரு. அவர் தொட்டிருந்தா முன்பக்கமெல்லாம் வெள்ளை விரல் பதிஞ்சிருக்கும். சுவத்துல உரசின மூலைல மட்டும்தான் வெள்ளை இருக்குது. நடுவுல சுத்தமா இருக்குது."

தங்கதுரை புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நான் எடுத்திருந்தா அலமாரியை இழுக்கச் சொல்லி இருப்பனா? சத்தமில்லாம வேற எங்கயாவது எடுத்து வச்சி, 'தோ இங்க இருக்குது'ன்னு காட்டி இருப்பேன். அக்காவும் ராதிகாவும் கீழ இருந்தாங்க. நீங்க போன்ல கத்தினது நிக்கவே இல்ல."

"சரி. மீதி?"

"எடுத்தவர் விரல்லயும் சட்டையிலயும் ஈர மஞ்சள் ஒட்டும். விரலைக் கழுவிடலாம். வெள்ளைச் சட்டையில மஞ்சள் பட்டு, அதுமேல சோப்பு நுரை பட்டா இன்னா ஆவும்க்கா?"

துணி துவைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தெரியும். துவைக்காத ஆண்களுக்குத்தான் தெரியாது.

"செவந்து போவும்" என்றார் கமலா. சொன்ன வாய் மூடாமல் தம்பியின் கையைப் பார்த்தார்.

செழியன் கையைப் பின்னால் இழுத்தார். "இது... குங்குமம்."

"தீட்டுன்னு வாசல்லயே நின்னீங்க. நெத்தியில இல்லாத குங்குமம் கையில எப்படி வந்துது?"

"அப்போ சட்னி..."

"நீங்க டீ மட்டும்தான் குடிச்சீங்க. பாத்ரூம்ல வீரமணி அண்ணன் வச்சிருந்த சோப்பைப் போட்டுக் கை கழுவிக்கினு கடைசியா வெளிய வந்ததும் நீங்கதான். சுவத்துக் கறையைப் பாத்ததும் வெத்தலைன்னு சொல்லி எல்லாரையும் அந்த ரூமை வுட்டு வெளிய கூப்பிட்டதும் நீங்கதான்."

தங்கதுரை பத்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தி மச்சினனைப் பார்த்தார்.

"கரியாலூர் மலைமேல ஒரு பார்ட்டிக்கு இந்த வூட்டை முடிச்சித் தரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் செழியன் தரையைப் பார்த்து. "மச்சான் வூட்டை மச்சினன் விக்காம வெளியாளு விக்கறதான்னு ஊர்ல கேக்கறானுங்க. ரெண்டு நாள் கழிச்சி நானே எடுத்துக் குடுத்திருப்பேன் மச்சான். திருடணும்னு இல்ல."

"பெரியப்பா போயி எட்டு நாள் ஆவலடா. அவர் சாவைச் சொல்லிக்கினே செஞ்சியா?" என்றார் கமலா. செழியன் கார் சாவியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

காலை 10.20.

தங்கதுரை பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "தீட்டுக்கை பட்ட பத்திரம். இதை எப்டிம்மா உங்கிட்ட குடுப்பேன்?"

ராதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். "நான் நர்ஸுங்க. செத்தவங்களைத் தொட்டுக் கழுவி அனுப்பற வேலை எனக்கு. இந்தக் கையில குடுங்க."

கொடுத்தார். எல்லோரும் படியை நோக்கி ஓடினார்கள். பாதி வழியில் தங்கதுரை நின்றார். பதிவுக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று அப்ரின். இன்னொன்று போடவிருந்த செழியன் போய்விட்டார். படியில் வீரமணி பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வீரமணி, ஆதார் கார்டு கையில இருக்குதா?"

"இன்னாத்துக்குங்க, போலீசுக்கா?"

"இல்லப்பா. சாட்சிக் கையெழுத்துக்கு. நீ போட்டாதான் ஆவும்."

காலை 11.08.

சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லோர் கைரேகையும் மிஷினில் பதிவாகிவிட்டது, வீரமணியுடையது மட்டும் ஆகவில்லை. முப்பது வருடம் சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் தேய்ந்த விரல். முதல் தடவை சிவப்பு விளக்கு. இரண்டாவது தடவையும் சிவப்பு. அடுத்த டோக்கன்காரர்கள் பின்னால் நெருக்கினார்கள்.

"மிஷினுக்கும் எம்மேல நம்பிக்கை வரல பாப்பா" என்றார் வீரமணி.

தங்கதுரை தோளிலிருந்த துண்டை எடுத்தார். காலையில் சட்டையைப் பிடித்த அதே கையால் வீரமணியின் கட்டைவிரலைப் பிடித்து, நகக்கண்ணில் இருந்த பட்டி போகும்வரை துடைத்தார். பிறகு அந்த விரலைத் தானே கண்ணாடியின் மேல் வைத்து, தன் விரலால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பச்சை விளக்கு எரிந்தது.