ஏழாம் தெருவில் புகை

எடைச்சட்டையைக் கழற்றும்போதுதான் முப்பிடாதிக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியும். செவ்வாயில் மனித உடம்பு பூமியில் காட்டும் எடையில் பாதிகூடக் காட்டாது. அப்படியே விட்டால் பத்து வருடத்தில் எலும்பு அப்பளமாகிவிடும். அதனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் நாற்பது கிலோ ஈயம் வைத்துத் தைத்த சட்டையை மாட்டிக்கொண்டுதான் எல்லோரும் நடமாடினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அதனளவுக்கு ஒரு சட்டை உண்டு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கொக்கிகளை விடுவித்து, சட்டையைச் சுவரில் மாட்டிவிட்டுக் குப்புறப் படுப்பார்கள். வீட்டிலிருக்கும் இன்னொருவர் முழங்கையால் இடுப்பை அமுக்கிவிட வேண்டும். அங்கே குடித்தனம் என்பதில் பாதி இதுதான்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றாள் முப்பிடாதி. "ஆங், அங்கதான். உயிர் போவுது."

"இன்னைக்கும் ரெட்டை ஷிப்டா?" என்று கேட்டான் அவள் புருஷன் கொம்பையா.

"பின்ன? ஏழாம் தெரு வடிகூடு முழுக்க அந்த எழவெடுத்த பிசின்தான். சுரண்டிச் சுரண்டி நகம் தேஞ்சு போச்சு. எவன் என்னத்தச் செய்யுதான்னே தெரியல. கையில மட்டும் கிடைச்சான், அவன் மூஞ்சிய வச்சே தேய்ச்சு எடுத்துருவேன்."

கொம்பையாவின் முழங்கை ஒரு கணம் நின்றது.

"என்ன, கை வலிக்கா?"

"இல்ல," என்று சொல்லிவிட்டு மறுபடி அமுக்கினான்.

அந்த எவன் அவன்தான்.

அந்தக் குடியிருப்பில் பன்னிரண்டு தெருக்கள். எல்லாம் பாறைக்குள் குடைந்தவை. ஒருவன் விட்ட மூச்சைத்தான் சுத்தம் செய்து அடுத்தவனுக்குக் கொடுப்பார்கள். தெருவுக்கு ஒரு வடிகூடு. ஆளுயரச் சல்லடைகளை அடுக்கிவைத்த அறை அது. சல்லடையில் படியும் புழுதியை முகரி என்னும் சிறு எந்திரங்கள் குலுக்கி உதிர்த்துவிடும். கம்பி கருகினாலும் பிளாஸ்டிக் உருகினாலும் அவை மோப்பம் பிடித்து அலறும். ஆனால் மரப்புகை என்று ஒன்று உண்டென்று அவற்றுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மரமே இல்லாத இடத்தில் எதற்குச் சொல்லித்தருவது? மரப்புகையின் பிசின் குலுக்கினால் உதிராது. முகரியின் கால்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். மனுஷி உட்கார்ந்து தகட்டால் சுரண்ட வேண்டும்.

கொம்பையா கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. கல்யாணமாகிப் பத்தாவது வருடம். எல்லாப் புருஷன்களும் செய்வதுபோல அவனும் போன வருடம் கல்யாண நாளுக்கு அச்சுவார்ப்பி எந்திரத்திடம் ஒரு சங்கிலி கேட்டான். நாற்பது நொடியில் வார்த்துக் கொடுத்தது. முப்பிடாதி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மிஷின் தந்தத நீங்க எடுத்துட்டு வந்திருக்கிய. சரி, அங்க வைங்க," என்றாள். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அது அவனைக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் பூமியிலிருந்து வந்த ஒரு பம்புக்கு அடியில் மரப்பலகை ஒன்று கிடந்தது. சட்டப்படி அதை உரக்குழிக்குக் கொடுக்க வேண்டும். அவன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். பழுதான எந்திரங்களுக்குக் கம்பி பற்றவைப்பதுதான் அவன் தொழில். பற்றவைக்கும் கோலையே பேனாவாக்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏழாம் தெருவை ஒட்டிய பட்டறையின் சாமான் அறைக்குள் உட்கார்ந்து, பலகையில் அவள் முகத்தைச் சுட ஆரம்பித்தான்.

சுரங்கம் குடைந்தவனின் மகன் அவன். பாரம் தூக்கிப் பழகிய கை. முதல் கோடு கரிக்குழியாகப் போனது. பிறகுதான் பிடிபட்டது: கோலை மெதுவாக இழுத்தால் கருக்கும், ஓட்டமாக இழுத்தால் பழுப்பேறும். மரத்தின் ரேகை வரும் இடத்தில் முனை துள்ளும். அங்கே மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். கன்னத்துக்குக் கோடு ஆகாது, புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். பத்து வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இடது புருவம் சற்று ஏறியிருப்பதை அந்தப் பலகையில்தான் அவன் முதன்முதலாகக் கவனித்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் முப்பிடாதி நகக்கண்ணில் அப்பியிருந்த பழுப்புப் பிசினை அவன் மூக்கருகே நீட்டினாள். "என்ன வாசம்னு சொல்லுங்க பாப்போம். எங்க ஆளுக ஒருத்திக்கும் தெரியல."

சாமான் அறையின் வாசம். அவனுக்கு உடனே தெரிந்தது.

"தெரியலியே," என்றான்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நெற்றியும் ஒரு கண்ணும் முடிந்திருந்தன. ஒற்றைக் கண்ணோடு ஒருத்தியை எப்படி விட்டுவிடுவது? இன்னும் இரண்டே நாள் என்று சொல்லிக்கொண்டான். இரண்டு நாள் நான்காயிற்று, நான்கு பதினொன்றாயிற்று. பகலில் அவள் முகத்தை இழைத்தான். சாயங்காலம் அவள் இடுப்பை அமுக்கினான். இழைக்க இழைக்க இடுப்புவலி ஏறியது. அவளுக்காகத்தானே செய்கிறேன் என்று மனசுக்குள் ஒரு பதில் வைத்திருந்தான். அந்தப் பதில் சோற்றில் கல்லாக நெருடியது.

பத்தாம் நாள் நிர்வாகத்திலிருந்து தாக்கீது வந்தது. ஏழாம் தெரு வடிகூடு சரியாகப் பராமரிக்கப்படவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் முப்பிடாதியை மேல்தளத்தில் புழுதி கூட்டும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். மேல்தளத்தில் கதிர்வீச்சு அடிக்கும். அங்கே போனவர்களுக்கு முதலில் முடி கொட்டும், அப்புறம் பல். அடுத்த மாதம் மேஸ்திரி ஆக வேண்டியவள் அவள்.

தாக்கீதைப் படித்துவிட்டு முப்பிடாதி, "நான் ஒழுங்காத்தான சுரண்டினேன்?" என்று அவனிடம் கேட்டாள். அழவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் கடைசிப் புள்ளியை வைத்தான். வெள்ளிக்கிழமை விசாரணைக் கூடத்தில் எழுந்து நின்றான்.

"அவ மேல தப்பில்ல. புகை என்னுது," என்று சொல்லிப் பலகையை மேசையில் வைத்தான்.

பலகையிலிருந்த பெண் நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல் இருந்தாள். எதிர் நாற்காலியில் இருந்தவளுக்குக் கண்ணடியில் கருப்பு விழுந்திருந்தது. இரண்டையும் ஒருசேரப் பார்க்க அவனால் முடியவில்லை.

நிர்வாகி ஞானதிரவியம் பூமியிலிருந்து வந்து மூன்று வருடமானவர். பலகையை எடுத்தவர் படத்தைப் பார்க்கவில்லை, முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"விறகடுப்பு," என்றார். "அதான் பத்து நாளா எனக்கு மதியம் சாப்பிட்ட பிறகும் பசிச்சுது."

பிறகு மருத்துவ எந்திரத்தின் அறிக்கையைச் சுவரில் ஓடவிட்டார். அந்தப் பதினோரு நாளும் ஏழாம் தெருவில் தூக்க மாத்திரை பாதியாகக் குறைந்திருந்தது. வாய்ச்சண்டை மூன்றே மூன்று. காரணம் தெரியாமல் எந்திரம் திணறிக்கொண்டிருந்தது.

"இதுல அதிசயம் என்ன இருக்கு?" என்றார் ஞானதிரவியம். "பூமியில நாங்க செய்யாததா? விசேஷம்னா வெடியக் கொளுத்துவோம். குப்பைன்னா கொளுத்துவோம். கொசுவுக்கு ஒரு சுருள். மனசு நல்லாருந்தா ஒரு ஊதுபத்தி, நல்லால்லைன்னா ஒரு சிகரெட்டு. எல்லாம் நாங்களே மூச்சு விடுத காத்துலதான். அப்புறம் அதச் சுத்தம் பண்ண மூலையில ஒரு மிஷின். மிஷினத் தொடைக்க ஒரு பொம்பள."

கூடம் சிரித்தது. வடிகூட்டுப் பெண்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. இனி வெள்ளிக்கிழமைதோறும் பட்டறையில் மரஞ்சுடு கலை நடக்கும். உரக்குழிக்கென்று கிடங்கில் சேர்ந்திருக்கும் பலகைகள் அதற்கு விடப்படும். கொம்பையா ஆசிரியர். வடிகூட்டில் கூடும் வேலைக்காக எல்லாப் பெண்களுக்கும் ரெட்டை ஷிப்டு. அவர்களுக்கு மேஸ்திரி, அனுபவம் கருதி, முப்பிடாதி.

தண்டனைக்கென்று தயாராகி வந்திருந்த கொம்பையாவின் கழுத்தில் யாரோ ஒரு துண்டைப் போட்டார்கள். கை தட்டினார்கள்.

நடைவழியில் முப்பிடாதி பலகையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். விரல்நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. முழுசும் கையால செஞ்சதா?"

"முழுசும்."

"ஒண்ணு கேக்கேன். தினமும் என் இடுப்ப அமுக்கி விட்டியளே, அப்ப உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"மூணாம் நாள்லருந்து தெரியும்."

திட்டுவாள் என்று நின்றான். திட்டினால் தேவலை என்று நின்றான். அவள் பலகையை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"பிடிங்க. கைப் பிசின் பட்டுரும். மேஸ்திரியே பிந்திப் போனா நல்லாவா இருக்கும்?"

ஈயச்சட்டையை ஒருமுறை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வடிகூட்டுப் பக்கம் நடந்தாள்.

கொம்பையா ஞானதிரவியத்திடம் ஓடினான். "பதினோரு ஷிப்டு எனக்காக அவ கூடுதலாச் செஞ்சிருக்கா. அதை நான் சுரண்டித் தீர்க்கேன். அவளுக்கு ஓய்வு கொடுங்க."

"கலைஞன் கையில சுரண்டு தகடா?" என்று ஞானதிரவியம் பதறிப்போனார். "வெளிய வந்து பாருங்க."

பட்டறை வாசலில் முப்பது புருஷன்கள் பலகையோடு நின்றார்கள்.

"அண்ணாச்சி, என் வீட்டுக்காரிக்கு மூக்கு பெருசு. சின்னதாச் சுடலாமா?" என்றான் ஒருவன்.

"விஷயம் வெளிய தெரியக்கூடாது அண்ணாச்சி," என்று இன்னொருவன் காதருகே வந்தான். "திடீர்னு கொண்டு போய்க் கையில கொடுக்கணும். பாவம், அவ நாள் முழுக்க வடிகூட்டுலதான் கிடக்கா."

கொம்பையா அவன் முகத்தைப் பார்த்தான். சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. வரிசை பின்னாலிருந்து நெருக்கி எல்லோரையும் பட்டறைக்குள் தள்ளியது. யாரோ பொத்தானை அழுத்த, மேசைகளில் வைத்திருந்த முப்பது கோல்களும் ஒன்றாகச் சூடேறின. முதல் புகை எழுந்து ஏழாம் தெருப் பக்கம் நகர்ந்தது.

முப்பிடாதிக்கு அவன் தர வேண்டிய பதினோரு ஷிப்டு அப்படியே பாக்கி நின்றது.