துங்கியின் வைக்கோல் கன்று

“ராத்திரி முழுக்க மாடு கத்தும். தாங்கிக்குவியா தங்கச்சி?”

செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டே ஊர்த் தோல் வேலைக்காரர் புட்டசாமி கேட்டார். பங்காரி தலையை ஆட்டினாள்.

“கறந்த கையோட இதைத் தூக்கிப் பரண்ல போட்டுடணும். ஒரு ராத்திரிகூட அதுகிட்ட விடக்கூடாது.”

“விட்டா வைக்கோலைத் தின்னுடுமா?”

“தின்னா நல்லதுதான்.” சொல்லிவிட்டு அவர் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். அவர் சிரிக்கவில்லை என்பது பங்காரிக்கு அப்புறம்தான் உறைத்தது.

துங்கி அவள் கையில் பிறந்த பசு. தாய் செத்துப்போக, அடுத்த வீட்டுப் பாலைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுத்து வளர்த்தாள். பாக்குத் தோட்டத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாயில் புல்லோடு ஓடிவரும். அதன் தலைச்சன் கன்று ஒன்பதாம் நாள் கழிச்சலில் போயிற்று. கன்று முன்னால் இல்லாவிட்டால் துங்கி பாலை இறக்காமல் எக்கிக்கொள்ளும். பால் நின்றால் திங்கட்கிழமைச் சந்தைதான் என்று கணவன் ஈரப்பா சொல்லிவிட்டான். சந்தைக்குப் போன வறட்டு மாடு எதையும் வேறொருவர் கொட்டிலில் பங்காரி பார்த்ததில்லை.

உப்புத்தண்ணீர் தெளித்து வைக்கோல் கன்றை நிறுத்தியதும் துங்கி அதை முகர்ந்தது, நக்கியது. பால் இறங்கியது. மூன்று நாள் சொன்னபடியே பரணில் போட்டாள். மூன்று ராத்திரியும், ஓட்டில் அறையும் மழையையும் மீறி, தொண்டை கிழியக் கத்திய துங்கியின் குரல் அவள் போர்வைக்குள் வந்து படுத்துக்கொண்டது. நான்காம் நாள் மனசு கேட்கவில்லை. கன்றின் பழைய கயிற்றாலேயே வைக்கோல் கன்றை முளையில் கட்டிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து கொட்டிலில் சத்தமே இல்லை.

ஒரு வாரம் கழித்து, விடியற்காலையில் ஒரு காம்பு வெறுமையாக இருந்தது. மறுநாள் இரண்டு.

“சாரைப்பாம்பு குடிக்குது,” என்றான் ஈரப்பா. “இல்ல நீயே குடிச்சிட்டுச் சும்மா இருக்கியா?”

“ஆமா, குடிச்சுத்தான் இப்படிப் பெருத்திருக்கேன்,” என்று தன் எலும்புக் கையை நீட்டிக் காட்டினாள். அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை. வைக்கோல் கன்றின் வாயோரம் நுரை காய்ந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். துங்கியின் எச்சிலாக இருக்கும் என்று துடைத்துவிட்டாள். துடைத்த விரலில் பால் வாடை அடித்தது.

அன்று சாயங்காலம் அதைப் பரணில் ஏற்றப் பார்த்தாள். ஒற்றைக் கையில் தூக்கியது இப்போது இரண்டு கைக்கும் கனத்தது. மழை ஈரமாக இருக்கும். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. மாட்டின் மூச்சுப் பட்டிருக்கும். ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறும்போது தோளில் சாய்ந்திருந்த அதன் தலை அவள் கழுத்தில் மெல்ல உரசியது. வைக்கோல் மணம் துளியும் இல்லை. புளித்த பாலின் மணம். துங்கி கத்தும் என்று காத்திருந்தாள். அது கத்தவில்லை. பரணையே பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. “திங்கட்கிழமை ஓட்டிட்டுப் போறேன்,” என்றான் ஈரப்பா. பங்காரி ஏணியில் ஏறி அதைக் கீழே கொண்டுவந்து கட்டினாள். வேறு என்ன செய்வாள்? உடனே பால் இறங்கியது, அவளுக்கு அரைச் செம்பு. மிச்சம் ராத்திரி அதற்கு.

துங்கி இளைத்தது. விலா எலும்பு தெரிந்தது. தீவனம் வைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் இல்லை. வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு மாலை புட்டசாமியை வரவழைத்தாள். பரணில் ஏற்றாமல் விட்டதைச் சொல்ல வாய் வரவில்லை.

“ஈரம் ஏறியிருக்கும் தங்கச்சி. தையலைப் பிரிச்சு வேற வைக்கோல் போட்டாச் சரியாயிடும்.” கத்தியோடு குனிந்து வயிற்றுக்கு அடியில் தடவினார். நிறுத்தினார். மறுபடி தடவினார்.

அவள் விளக்கைத் தாழ்த்தினாள். சணல் தையல் ஓடிய இடத்தில் தையல் இல்லை. புது மயிர். மெல்லிசாக, சுழித்து, நக்கிப் படிந்த புது மயிர்.

“அண்ணா, என் மாட்டை விட்டுடுமா இது?”

அவர் கை அந்த வயிற்றின் மேலேயே இருந்தது. அசைக்காமல் வைத்திருந்த கை மெதுவாக உயர்ந்தது. தாழ்ந்தது.

உயர்ந்தது.

அவர் கத்தியைக் கொட்டிலில் பரப்பியிருந்த தழை மேல், சத்தம் வராமல், வைத்தார். முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி, கொட்டில் வாசலைத் தாண்டி மழையில் இறங்கிப் போனார்.