வாசல் கணக்கு

செத்துப்போன ஊர் ஒன்றில் எழுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குள் தனியாளாகப் புகுந்து, நாற்பத்தோராயிரம் நடைப்பிணங்களைச் சாய்த்து, சட்டைப் பொத்தான் ஒன்றுகூட அறுந்து போகாமல் திரும்பியவர் உலகத்திலேயே தான் ஒருவர்தான் என்றும், போன வாரம் முதல் தன் செருப்புச் சத்தம் கேட்டாலே பிணங்கள் தாங்களாகப் படுத்துக்கொள்கின்றன என்றும் மதியச் சாப்பாட்டின்போது அவர் அறிவித்தார்.

"நாலாயிரத்து நூறு," என்றாள் மனைவி, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அவர் சொல்லும் எந்த எண்ணையும் பத்தால் வகுத்துக்கொள்வது அவள் வழக்கம். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். கல்யாணமான புதிதில் இரண்டால்தான் வகுத்தாள்; பழகப் பழகப் பத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"பிணத்தை விடு மேடம். வீட்டுக் கணக்கு சுத்தமான நிஜம். ஒவ்வொரு வாசல்லயும் சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்கேன்."

"அதை நம்பறேன். அந்த வியாதி உங்களுக்கு உண்டு."

"ஆனா எழுநூத்திப் பதிமூணாவது வீட்டுல ஏற்கெனவே எழுதியிருக்கு. என் கையெழுத்து. நான் அதுக்கு முன்னாடி அந்தத் தெருவுக்கே போனதில்ல."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் கை கழுவப் போனாள்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்திருந்தார்.

முப்பத்துநாலு வருடம் வீடு வீடாகக் கொசு மருந்து அடித்தவர். வேலை முடிந்ததும் கதவின் வலப்பக்கச் சுவரில், நெஞ்சு உயரத்தில், சாக்பீஸால் நான்கு விஷயங்கள் எழுத வேண்டும்: தேதி, அறைகள், உள்ளே இருக்கும் ஆட்கள், தன் பெயரின் முதலெழுத்து. மேலதிகாரி வீட்டுக்குள் வரமாட்டார், சுவரைத்தான் படிப்பார். சுவரில் மூன்று பேர் என்று இருந்தால் அந்த வீட்டில் மூன்று பேர். சைபர் என்று இருந்தால் அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிகளில் கொசுப்புழு தேடப்போய்ப் பெரிய சண்டையாகிவிட்டதால், மகள் இந்த வீடியோ கேமை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு பெரிய ஊர். எல்லாத் தெருவுக்கும் போகலாம், எல்லாக் கதவையும் திறக்கலாம். எல்லாரும் செத்து எழுந்து நடக்கிறார்கள். உயிரோடிருப்பவர் ஆடுகிறவர் மட்டும்தான். இன்டர்நெட் இணைப்பு கிடையாது. வேறு யாரும் உள்ளே வர வழியில்லை. பையில் ஒரு சாக்பீஸ் இருந்தது, வழி தவறாமலிருக்க அடையாளம் போட. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒவ்வொரு வீடாகச் சுத்தம் செய்து, ஒவ்வொரு வாசலிலும் தேதி, அறை, ஆள், கையெழுத்து. ஆள் என்ற இடத்தில் எழுநூற்றுப் பன்னிரண்டு முறையும் சைபர்.

அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிய, அறையே ஒரு பழைய மீன்தொட்டி போலச் சாம்பல் பச்சையாக இருந்தது. சோபாவில் தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து, வலது முட்டியை ஸ்டூல் மேல் நீட்டி வைத்துக்கொண்டு, அவர் கன்ட்ரோலரை எடுத்தார். திரையிலும் மழை. தன் ஆளை அந்தத் தெருவின் கடைசிக் கட்டடத்துக்கு நடத்திப் போனார். காலி பால் பெட்டிகள் காற்றில் உருண்டன, எங்கோ ஒரு தகரக் கதவு அடித்துக்கொண்டது, ஒரு பிணம்கூடக் கண்ணில் படவில்லை. மூன்றாம் மாடி. ஆள் ஏற ஏற மூச்சு வாங்கினான். அவன் ஏறிய ஒவ்வொரு படிக்கும் இங்கே ஸ்டூலில் கிடந்த முட்டி விண்விண் என்றது. மாடிப்படிகளில் தேய்ந்து போன வாழ்க்கை. ஆட்டத்திலுமா மூன்றாம் மாடி என்று அலுத்துக்கொண்டார்.

கதவின் வலப்பக்கம். நெஞ்சு உயரம். இன்றைய தேதி. அறைகள் 3. ஆட்கள் 2. அவருடைய முதலெழுத்து.

கதவைத் தட்டினார். மூன்று தட்டு, அவர் எப்போதும் தட்டுவது அப்படித்தான். சமையலறையில் மனைவி மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் தட்டும் சத்தம் டிவியிலிருந்து வந்ததா, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை. மிக்ஸி நின்றது. திரையில் அந்தக் கதவுக்குப் பின்னாலும் ஏதோ ஓடி நின்றது போல இருந்தது.

கதவு திறக்கவில்லை.

உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். வேலையில் இருந்தபோதும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறார். வெயிலும் முட்டிவலியும் சேர்ந்துகொண்ட நாட்களில், மூன்று தட்டுக்குப் பதில் இல்லையென்றால், உள்ளே எட்டிப் பார்க்காமலே சைபர் போட்டுவிட்டு இறங்கிவிடுவது. மருந்தடிப்பவர்களுக்குள் அதற்கு வாசல் கணக்கு என்று பெயர். மூன்றாம் மாடிகளில் அவர் போட்ட சைபர்களில் எத்தனை உண்மை என்று அவருக்கே தெரியாது. ஆட்டத்தில் அதுவரை ஒரு வாசல் கணக்குகூட எழுதியதில்லை. ஆனால் அசதியாக இருந்தது. சட்டைக் கையால் 2-ஐ அழித்தார். 0 என்று எழுதினார். இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் குப்பைப் பையை வெளியே வைக்கப்போன மனைவி வாசலிலேயே நின்று கூப்பிட்டாள்.

"ஏங்க, வயசுக்கு ஏத்த விளையாட்டா இது?"

அவர்கள் வீட்டுக் கதவின் வலப்பக்கச் சுவர். தேதி. 3. 0. முதலெழுத்து.

"நான் எழுதல," என்றார்.

"மூணோட வாலை இப்படி இழுக்கறது நீங்க ஒருத்தர்தான். முப்பது வருஷம் கையெழுத்துப் பாத்தவகிட்டயே கதை விடறீங்க." ஈரத்துணியால் தேய்த்தாள். சுவர் நனைந்தது. எழுத்து அப்படியே இருந்தது.

"ஆட்டத்துல நான் அழிச்சு எழுதினேன் பாரு, அந்த வீடு நம்ம வீடுதான். இதே மூணாவது மாடி, இதே மூணு ரூம். எனக்கு இப்பத்தான் உறைக்குது."

"சரி. நாப்பத்தோராயிரம் பிணம், ஒரு வீடு. எல்லாத்தையும் ஒண்ணாவே நம்பிக்கறேன்," என்று உள்ளே போனாள்.

மறுநாள் காலை தண்ணீர் கேன் கொண்டுவருபவன் வாசலில் நின்றான், சுவரைப் பார்த்தான், கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனான். "ஏம்பா, இங்க!" என்று அவர் கத்தியது அவன் முதுகில் பட்டு விழுந்தது. பத்து மணிக்கு மகள் போன் செய்தாள். மனைவி எடுத்து, "சொல்லும்மா," என்றாள். மறுமுனையில் மகள், "ஹலோ... ஹலோ?" என்று இரண்டு முறை சொன்னாள், பிறகு பக்கத்தில் யாரிடமோ, "எடுக்க மாட்டேங்கறாங்க," என்றாள். வைத்துவிட்டாள்.

"டவர் கோளாறு," என்றாள் மனைவி.

கடைக்குப் போனவள் வெறும் பையோடு வந்தாள். "கடைக்காரனுக்குக் கொழுப்பைப் பாருங்க. கால் மணி நேரமா முன்னாடியே நிக்கறேன், எனக்குப் பின்னாடி வந்தவளுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கறான்."

"மேடம், அவன் கண்ணுக்கு நீ தெரியல."

"நான் என்ன ஊசியா, தெரியாம போக?" என்றாள். குரலில் வழக்கமான எகத்தாளம் இல்லை. களைத்திருந்தாள்.

மூன்றாம் நாளும் மழை விடவில்லை. வீட்டில் அந்த வாசனை ஏறியது. அவருக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் குளியலறைக் குழி காய்ந்துபோய், சாக்கடைக் காற்று மேலேறி, தூசியோடும் பழைய துணியோடும் கலந்து வருமே, அது. அன்று காலையில்தான் இருவரும் குளித்திருந்தார்கள். சோபாவில் உட்கார்ந்தபோது ஒரு கொசு வந்தது. காதருகே பாடியது. அவர் கையை நீட்டிக் காத்திருந்தார். முழங்கை வரை வந்தது. அங்கே எதுவுமே இல்லாதது போலத் தாண்டிப் போய்ச் சுவரில் உட்கார்ந்தது.

முப்பத்துநாலு வருடப் பகை. அது தன்னை மறந்துவிட்டது.

இந்த வீட்டில் யாரும் இல்லை என்று எழுதியது அவர்தான். முதலில் தண்ணீர்க்காரன், பிறகு மகள், இப்போது கொசு. அடுத்து? அவர் மனைவியைப் பார்த்தார். ஜன்னலோரம் நின்றிருந்தாள். வெளிச்சம் அவள் தோளில் தங்காமல் தரையில் விழுந்தது போல ஒரு கணம் தோன்றியது. தன்னைப் பற்றிக்கூட அவருக்குக் கவலையில்லை. அவள் இந்த வீட்டுக் கணக்கில் இருக்க வேண்டும்.

கன்ட்ரோலரை எடுத்தார்.

திரையில் அவருடைய ஆள் ஊரின் மறுகோடியில் இருந்தான். நடந்தான். பகல் போய், இருட்டி, மறுபடி வெளுத்தது அந்த ஊரில். இங்கே பதினைந்து நிமிடம். பசியால் ஆள் தள்ளாடினான். அவர் தின்னக் கொடுக்கவில்லை, நிறுத்தவில்லை. கடந்துபோன ஒவ்வொரு வாசலிலும் அவர் போட்ட சைபர் வெளுப்பாகத் தெரிந்தது. வரிசையாக. திறந்த வாய்கள் மாதிரி.

மனைவி பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். அவர் "ம்" என்றார்.

கடைசிக் கட்டடம். முதல் மாடி. இரண்டாம் மாடி. ஆள் மூச்சுக்குத் திணறினான், இவரும் திணறினார். மூன்றாம் மாடி. பையைத் திறந்தார். சாக்பீஸ் ஒரு துண்டுதான். பக்கத்தில் எண் காட்டியது: மீதம் 1. ஒரே ஒருமுறைதான் எழுதலாம்.

கதவு இந்த முறை ஒரு சாண் திறந்திருந்தது. இடுக்கில் இருட்டு. இருட்டில் டிவி வெளிச்சம் போல ஒரு நீலத் துடிப்பு. உள்ளே போய் எண்ணிவிட்டு எழுத வேண்டும். அதுதான் முறை. ஆனால் அந்த இடுக்கில் தலையை விட்டால், சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவனின் முதுகு தெரியும் என்று அவருக்குத் தோன்றியது. அதைப் பார்க்கத் தெம்பில்லை. உள்ளே எத்தனை பேர் என்று இதைவிடத் தெரிந்த வீடு வேறு உண்டா?

சைபரை அழித்தார்.

2 என்று எழுதினார்.

சாக்பீஸ் பொடிந்து உதிர்ந்தது.

அறையில் ஏதோ இளகியது. காதுக்குள் அடைத்திருந்தது விட்டது போல, மழையின் சத்தம் முழுதாக உள்ளே வந்தது. சாக்கடை வாசனை இறங்கிப் போயிற்று. முழங்கையில் சுருக்கென்றது. கொசு. அவர் அதை அடிக்கவில்லை. குடிக்கட்டும் என்று விட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மேடம்!" என்றார். "கொசு கடிச்சிடுச்சு! ஒரு லிட்டர் ரத்தம் போச்சு!"

சமையலறையில் செருப்பு இழுபடும் சத்தம். ஒரு டம்ளரை மேடையில் வைக்கும் சத்தம். பதில் இல்லை. கோபமாக இருப்பாள்.

"எல்லாம் சரி பண்ணிட்டேன். வந்து பாரேன்."

செருப்பு நடந்தது. மெதுவாக. சமையலறையிலிருந்து ஹாலுக்கு. சோபாவுக்குப் பின்னால் வந்து நின்றது. தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று.

மூன்று தட்டு.

வாசல் கதவில்.

"ஏங்க."

மனைவியின் குரல். கதவுக்கு வெளியே.

"ஏங்க, நான்தான். வாட்ச்மேன்கிட்டப் போய், என்னைப் பாக்கறானா இல்லையான்னு கேட்டுட்டு வரேன்னு சொன்னேனே. நீங்ககூட ம்-னு சொன்னீங்க."

திரையில் அவருடைய ஆள் வாசலில் நின்றிருந்தான். அவனுக்கு முன்னால், இடுக்கு இரண்டு சாணாகியிருந்தது.

"எழுத்து மாறிடுச்சுங்க. நான் பாக்கப் பாக்க மாறிச்சு. சைபர் அழிஞ்சு, ரெண்டுன்னு வந்துச்சு. உங்க கையெழுத்துதான்." அவள் மூச்சு வாங்கினாள். மூன்று மாடி. "நான் வெளிய இருக்கேன். உள்ள எப்படிங்க ரெண்டு?"

அவர் தோள்மேல் ஒரு கை வைக்கப்பட்டது. ஈரமாக. எடையே இல்லாமல். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டன.

மனைவி மிகவும் தாழ்ந்த குரலில், கதவோடு வாயை வைத்துப் பேசினாள்.

"நம்பறேங்க. நீங்க சொன்னது நடந்திருக்கு. அத்தனையும் நிஜம். திரும்பிப் பாக்காம வந்து கதவைத் திறங்க."